கறுப்பா 'இருந்தாலும்'...

ஆடி வெள்ளிக்கிழமையில் படவேடு போயிருக்கிறீர்களா? ஜவ்வாது மலையடிவாரம், வழியெல்லாம் வாழைத்தோப்பு. ரேணுகாம்பாள் கோயில் வாசலில் கூட்டம் நெருக்கியடிக்கும். உள்ளே அம்மனுக்குச் சிரசுதான் பிரதானம். தண்ணீரில் தெரிந்த கந்தர்வனின் நிழலை ஒரு கணம் ரசித்துவிட்டாள் என்று, பெற்ற பிள்ளையை விட்டே ஜமதக்னி முனிவர் தலையை வெட்டச் சொன்னார் என்பது புராணம்.

வெளியே மஞ்சள், குங்குமம், கண்ணாடி வளையல். கூட்டத்தில் பள்ளிக்கூடப் பெண்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்து செல்ஃபி எடுக்கிறார்கள். எடுத்த போட்டோவில் அவர்கள் முதலில் பார்ப்பது கோபுரத்தை இல்லை, தன் மூக்கை, தன் கன்னத்தை. மலையடிவாரம் வரை சிக்னல் வந்தாச்சு. கூடவே மேக்கப் வகுப்பும் வந்தாச்சு.

வீடியோவில் மேக்கப் சொல்லித் தருகிறார்களே, அதைத்தான் சொல்கிறேன். 2007-ல் மிஷெல் ஃபான் என்ற வியட்நாமிய வம்சாவளி அமெரிக்கப் பெண் யூ டியூபில் போட ஆரம்பித்து உலகம் பூராவும் பரவிய சமாசாரம். இன்று தமிழில் மட்டும் எத்தனை என்று எண்ணி மாளாது. ஒன்றரை மணி நேர சினிமாவுக்குப் பக்கம் பக்கமாக விமர்சனம் எழுதுகிறோம். நம் வீட்டுப் பெண் தினமும் பார்க்கும் இதற்கு யாரும் எழுதுவதில்லை. எழுதித்தான் பார்ப்போமே.

கதை எப்போதும் ஒன்றுதான். முதல் காட்சியில் ஒரு 'அக்கா' மேக்கப் இல்லாமல் வருகிறார். வட்ட விளக்கு வெளிச்சத்தில் தன் முகத்தையே குற்றவாளியைப் போல அறிமுகப்படுத்துகிறார். 'இங்க பாருங்க, கண்ணுக்குக் கீழே கருவளையம். இங்க திட்டுத் திட்டா இருக்கு. மூக்கு கொஞ்சம் அகலம்.' அப்புறம்தான் பிரஷ்ஷை எடுக்கிறார். இடைவேளைக்குப் பிறகு ஒவ்வொரு குற்றமும் மறைகிறது. கிளைமாக்ஸில் பாதி முகம் பழசு, பாதி முகம் புதுசு. சுபம். எந்தெந்த டப்பா வாங்க வேண்டும் என்ற லிங்க் கீழே இருக்கிறது. அதில் அக்காவுக்குக் கமிஷன் உண்டு என்பதும் பல நேரம் அங்கேயே, பொடி எழுத்தில்.

நான் படித்தது பி.காம். தேவை இல்லாத இடத்தில் தேவையை உண்டாக்குவது வியாபாரத்தில் பால பாடம். ஆனால் சோப்பு விற்பவன் அழுக்கைக் காட்டி விற்கிறான். இங்கே காட்டப்படுவது முகம்.

மேக்கப்புக்கு நான் எதிரி இல்லை. இதைப் பார்த்தே தொழில் கற்றுக்கொண்டு, கல்யாணப் பெண்களுக்கு அலங்காரம் செய்து சொந்தக் காலில் நிற்கும் பெண்கள் எத்தனையோ பேர். இதே திருவண்ணாமலை மாவட்டத்தில்தான், செய்யாறு பக்கம், தெருக்கூத்துக்குப் பேர்போன புரிசை இருக்கிறது. கூத்துக் கலைஞர்கள் மணிக்கணக்கில் உட்கார்ந்து தங்கள் முகத்துக்குத் தாங்களே அரிதாரம் பூசுவார்கள். துரியோதனனாக ஆவதற்கு, திரௌபதியாக ஆவதற்கு. 'உன் மூக்கு சப்பை, அதைச் சரிபண்ணலாம்' என்று யாரும் ஆரம்பிப்பதில்லை. விடிந்து வேஷத்தைக் கலைத்தால் சொந்த முகம் அதே மரியாதையோடு காத்திருக்கும்.

வீடியோவில் நடப்பது வேறு. அங்கே இரண்டு பாடம். ஒன்று, எப்படிப் பூசுவது. இன்னொன்று, முகத்தில் எப்படிக் குறை தேடுவது. முதல் பாடத்தை ராத்திரி கழுவிவிடலாம். இரண்டாவது எந்த சோப்புக்கும் போகாது.

2021-ல் ஃபேஸ்புக் கம்பெனியின் உள்வீட்டு ஆய்வுகளை 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' வெளியிட்டது. உடம்பைப் பற்றிய மனக்குறையை இன்ஸ்டாகிராம் டீன் ஏஜ் பெண்களில் மூவரில் ஒருவருக்கு அதிகப்படுத்துகிறது என்று கம்பெனியின் ஆட்களே எழுதி வைத்திருந்தார்கள். 'ஏற்கெனவே மனக்குறை உள்ளவர்களில் மூவரில் ஒருவர்' என்று கம்பெனி விளக்கம் கொடுத்தது. ஏற்கெனவே மனக்குறை இல்லாத பெண்ணை நம் ஊரில் எங்கே தேடுவது, சொல்லுங்கள்?

குறை தேடப் பழகியவள் பவுடரோடு நிற்பதில்லை. கேரளத்தின் மலப்புரத்தில் 2023-ல் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு வந்தவர்களை டாக்டர்கள் துருவிக் கேட்டபோது, பலரும் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள் என்று தெரிந்தது. கிரீமில் பாதரசம்.

முன்பெல்லாம் எதிராளி யார் என்றாவது தெரியும். 1975-ல் வந்த ஃபேர் அண்ட் லவ்லியின் டி.வி. விளம்பரங்களை எதிர்த்து ஜனநாயக மாதர் சங்கம் போராடியது. 2003-ல் மத்திய அரசு இரண்டு விளம்பரங்களுக்குத் தடை போட்டது. 2009-ல் சென்னையிலிருந்து கவிதா இமானுவேலின் 'விமன் ஆஃப் வொர்த்' அமைப்பு, கறுப்பும் அழகுதான் என்று ஓர் இயக்கமே தொடங்கியது. 2020-ல் கிரீமின் பெயரில் இருந்த 'ஃபேர்' போய் 'க்ளோ' வந்தது. அந்த விளம்பரம் அரை நிமிஷம். கம்பெனிக்கு முகவரி உண்டு. பிராது கொடுக்கலாம். இப்போது பத்து நிமிஷம், 'செல்லம்ஸ்' என்று கூப்பிட்டுப் பேசுகிறவர் அக்கா. அக்கா மேல் யார் பிராது கொடுப்பது?

ஆனால் எல்லாப் பழியையும் அக்கா மேல் போடுவதும் நியாயமில்லை. 'கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா' என்று பெண் பார்த்துவிட்டு வந்து சொன்னது யார்? நம் வீட்டுப் பெரியவர்கள்தான். பாராட்டு என்று நினைத்துத்தான் சொன்னார்கள். அந்த 'இருந்தாலும்' இருக்கிறதே, அதுதான் விதை. வீடியோ அதற்குத் தண்ணீர் விட்டு, விலைப்பட்டியலும் மாட்டியது, அவ்வளவுதான். வேடிக்கை என்னவென்றால், களை என்ற அந்த நல்ல வார்த்தை எந்த வீடியோவிலும் வருவதில்லை. டப்பாவில் அடைத்து விற்க முடியாத சரக்கு ஆயிற்றே!

போனைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் தோழியின் போனில் பார்ப்பாள். அதற்குப் பதில் ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வீடியோவை சத்தம் இல்லாமல் பாருங்கள். பிரஷ், வண்ணம், கைநேர்த்தி... ரசிக்கலாம், கற்றுக்கொள்ளலாம். அப்புறம் சத்தத்தை வைத்து, அக்கா ஒவ்வொரு தடவை குறை சொல்லும்போதும் 'இது குறைன்னு யாரும்மா சொன்னது?' என்று கேளுங்கள். பெண் கெட்டிக்காரி. லிங்க்கையும் கமிஷனையும் அவளே கண்டுபிடித்துவிடுவாள்.

கூடவே இன்னொரு காரியம். அடுத்த முறை வீட்டில் யாராவது ஒரு பெண்ணின் முகத்தைப் பற்றி 'இருந்தாலும்' என்று ஆரம்பித்தால், அந்த வாக்கியத்தை முடிக்க விடாதீர்கள்.