பல்லவி முடிவதற்குள் மேல்வரிசை

பிரஷ் டிஜே என்ற செயலி செய்வது ஒரே ஒரு வேலை. போனில் இருக்கும் பாட்டுகளில் ஒன்றை எடுத்து இரண்டு நிமிடம் ஓடவிட்டு நிறுத்திவிடும். அந்த இரண்டு நிமிடமும் நாம் பல் துலக்க வேண்டும், அவ்வளவுதான். மற்றபடி காலைக்கும் இரவுக்கும் நினைவூட்டல் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரஷ்ஷை மாற்றச் சொல்லும். பல் டாக்டரைப் பார்க்க வேண்டிய நாளையும் ஞாபகப்படுத்தும். எப்படித் துலக்குவது என்று சின்னச் சின்ன வீடியோக்கள் இருக்கின்றன. காசு கிடையாது. இங்கிலாந்தில் பல் மருத்துவராக இருக்கும் பென் அண்டர்வுட் 2011-ல் கொண்டுவந்தது. அந்நாட்டு அரசு மருத்துவச் சேவையான என்.ஹெச்.எஸ். தன் செயலிப் பட்டியலில் இதைச் சேர்த்திருந்தது. விவரப் பட்டியல் இத்தோடு போதும்.

சில வாரங்களாக இது ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில், துணி துவைக்கிற கல்மேல் உட்கார்ந்திருக்கிறது. பரிசோதனைக்கு ஆட்பட்டவர்கள் அண்ணன் பிள்ளைகள் இருவர்: ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பையன், ஆறாம் வகுப்புப் படிக்கும் பெண். பையன் பிரஷ்ஷை வாயில் வைப்பதும் தெரியாது, எடுப்பதும் தெரியாது. பெண் நேரமெல்லாம் எடுத்துக்கொள்வாள். ஆனால் முன்பல் நான்கைத் தவிர மற்றவை தன்னுடையவை அல்ல என்பது போல விட்டுவிடுவாள்.

இந்தச் செயலியில் நான் எதிர்பார்க்காத சந்தோஷம் ஒன்று இருக்கிறது. தமிழ் சினிமாப் பாட்டுக்கென்றே அளவெடுத்தாற்போல் இருக்கிறது அந்த இரண்டு நிமிடம். நம் பாட்டின் அமைப்பைப் பாருங்கள். முதலில் முன்னிசை, பிறகு பல்லவி, பிறகு இடையிசை, அப்புறம் சரணம். வாயையும் பல் மருத்துவர்கள் நான்காகத்தான் பிரிக்கிறார்கள்: மேல் வலது, மேல் இடது, கீழ் இடது, கீழ் வலது. ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடம். இளையராஜா பாட்டாக இருந்தால் கணக்கு ஏறக்குறைய நேராகவே வந்துவிடுகிறது. முன்னிசையில் வயலின்கள் ஓய்வதற்குள் மேல் வலது, பல்லவியில் மேல் இடது, இடையிசையில் புல்லாங்குழல் வந்தால் கீழே இறங்க வேண்டும், சரணம் தொடங்கினால் கடைசி மூலை. இதைச் செயலி சொல்லித் தரவில்லை. பையன் தானாகப் போட்டுக்கொண்ட தாளம். இப்போது தங்கையைப் பார்த்து, "ஏய், சரணம் வந்தாச்சு, நீ இன்னும் முன்பல்லுலேயே நிக்கிறே" என்கிறான். அனிருத் பாட்டு வந்தால் இந்தக் கணக்கு கொஞ்சம் உதைக்கிறது. அதற்கும் ஏதோ வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். என் காதுக்கு அது எட்டவில்லை.

பாட்டைச் செயலியே தேர்ந்தெடுப்பதில் ஒரு வம்பும் வந்தது. என் பழைய போனில் பாட்டிக்காக ஏற்றி வைத்த சுப்ரபாதமும் இருந்தது. ஒருநாள் காலை இதற்கு அதுதான் கையில் கிடைத்தது. கொல்லையில் வாயெல்லாம் நுரையோடு பையன் நிற்க, எம்.எஸ். பாட ஆரம்பித்துவிட்டார். பாட்டி பூஜை அறையிலிருந்து வந்தாள்.

"எச்சில் வாயோட பெருமாள் பாட்டு கேக்கறதாடா? இதுக்குத்தான் சித்தப்பா போன் குடுத்தானா?"

"நான் போடலை பாட்டி, அதுவாப் போட்டுது."

இரண்டு நிமிடம் ஆனதும் செயலி தன் கடமைப்படி நிறுத்திவிட்டது. அது முதல் குற்றத்தைவிடப் பெரிய குற்றமாகப் போய்விட்டது. "பெருமாளை எழுப்பிட்டு பாதியிலே விட்டுட்டுப் போறதா?" மீதியைப் பாட்டியே சொல்லி முடித்தாள். பல் துலக்கத் தனியாக ஒரு பாட்டுப் பட்டியல் போட்ட பிறகுதான் வீட்டில் சமாதானம் வந்தது. நீங்களும் முதல் வேலையாக அதைச் செய்துவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்றைய மாணவர்கள் போனில் பாட்டே கிடையாது. எல்லாம் யூடியூபில், ஸ்பாட்டிஃபையில் ஓடுகிறது. சொந்தமாக வைத்திருப்பது கேமில் வாங்கிய 'ஸ்கின்'கள் மட்டும்தான். போனில் இருக்கும் பாட்டை எடுத்துப் போடும் செயலி, பாட்டுகளைப் போனில் சேர்த்து வைத்த காலத்துப் பிள்ளை. திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி செல்போன் கடைகளில் 'மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரப்படும்' என்று எழுதி வைத்திருந்த நாட்களில் நான் நிரப்பிய கார்டு ஒன்று மேஜை அறையில் கிடந்தது. அதைப் போட்ட பழைய போன்தான் இப்போது கொல்லையில் வேலை பார்க்கிறது. இந்தப் பழமையே நல்லதாகப் போயிற்று. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

ஒப்பிட்டுப் பார்க்க, கேமரா வைத்த ஒரு செயலியையும் போட்டுப் பார்த்தோம். எது என்பது முக்கியமில்லை; அந்த வகையில் பல இருக்கின்றன. முகத்தை முன்கேமராவில் காட்டியபடி துலக்க வேண்டும், திரையில் கிருமிகள் சாகும், பிள்ளை ஜெயிக்கும். யோசனை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை யோசித்தவர் மனதில் இருப்பது ஒரு குளியலறை: வாஷ்பேசின், அதன்மேல் கண்ணாடி, கண்ணாடிக்குமேல் விளக்கு, போனைச் சாய்த்து வைக்க ஒரு மேடை. ரேழி, கூடம், முற்றம், கொல்லை என்று ரயில் பெட்டிபோல நீளும் ஸ்ரீரங்கத்து வீட்டில் யாரும் நின்ற இடத்தில் நின்று பல் துலக்குவதில்லை. பிரஷ்ஷை வாயில் வைத்தபடி வாசலுக்குப் போய்ப் பேப்பர் வந்துவிட்டதா என்று பார்ப்பார்கள், வாளி நிரம்பினால் குழாயை மூடுவார்கள், மாட்டுக்கு வழிவிடுவார்கள். விடிந்தும் விடியாத அந்த வெளிச்சத்தில், கிழக்கே பார்த்து வைத்த போனில் பெண்ணின் முகம் கருப்பு உருண்டையாகத் தெரிந்தது. முகம் தெரியவில்லை என்று செயலி நிறுத்திக்கொண்டது, அவளும் நிறுத்திக்கொண்டாள்.

பிரஷ் டிஜேக்கு நாம் எங்கே நிற்கிறோம் என்பது தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. கொல்லையில் பாடினால் கூடம் வரை கேட்கும். பல் துலக்கும்போது கையும் வாயும் வேலையில் இருக்கின்றன; மிச்சம் இருப்பது காது. அதை மட்டும் கேட்கிற செயலி பிழைத்துக்கொள்கிறது. கண்ணையும் கேட்கிற செயலி தோற்றுப்போகிறது. மாணவர்களுக்காகப் பல் செயலி செய்கிறவர்கள் சுவரில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டியது இது ஒன்றுதான் என்பேன்.

எனக்குத் தீராத எரிச்சல் ஒன்று உண்டு: பதக்கம். ஏழு நாள் தொடர்ந்து துலக்கினால் வெண்கலம், முப்பது நாளுக்கு வெள்ளி, நண்பர்களோடு போட்டி, முதலிடம் யாருக்கு என்று ஒரு பட்டியல். பள்ளிக்கூடத்தில் ஏற்கெனவே ரேங்க், டியூஷனில் ரேங்க், நீட் கோச்சிங்கில் ரேங்க். இனி கடைவாய்ப் பல்லுக்கும் ரேங்க்கா? தவிர, நம் பிள்ளைகள் பதக்கத்தைப் பல் துலக்காமலே வாங்கத் தெரிந்தவர்கள். 'துலக்கினாயா?' என்று திரை கேட்டால், படுக்கையில் படுத்தபடி 'ஆம்' என்று அழுத்த எத்தனை நொடி ஆகும்? ஒருநாள் விட்டுப்போனால் கணக்கு பூஜ்யத்துக்குப் போய்விடும். அதோடு ஆர்வமும் போய்விடும். பாட்டில் இந்தத் தொல்லை இல்லை. நேற்று துலக்காதவனுக்கும் இன்று முழுப் பல்லவி உண்டு.

இதனால் பல்லுக்கு உண்மையிலேயே நன்மை உண்டா? 2015-ல் பிரிட்டிஷ் டென்டல் ஜர்னலில் இந்தச் செயலியைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. 189 பேரிடம் கேட்டிருக்கிறார்கள். பதில் சொன்னவர்களில் 70 சதவீதம் பேர் பல் முன்னைவிடச் சுத்தமாக இருப்பதாகத் தோன்றுகிறது என்றார்கள். அதிக நேரம் துலக்கத் தூண்டுகிறது என்றவர்கள் 88 சதவீதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கேட்கப்பட்டவர்கள் ஏற்கெனவே செயலியை வைத்திருந்தவர்கள். கேட்டவர்களில் ஒருவர் செயலியைச் செய்த அண்டர்வுட். சொத்தை குறைந்ததா என்று யாரும் வாயைத் திறந்து பார்க்கவில்லை. நேரம் கூடுகிறது என்பதை எங்கள் கொல்லையும் ஒத்துக்கொள்ளும். அதற்குமேல் நானும் சாட்சி சொல்ல மாட்டேன்.

பிரச்சினை பெரியது என்பதில் மட்டும் சந்தேகம் இல்லை. இந்தியப் பல் மருத்துவ கவுன்சில் 2002-03-ல் நடத்திய தேசியக் கணக்கெடுப்பில் 12 வயதுப் பிள்ளைகளில் 53.8 சதவீதம் பேருக்கும், 15 வயதினரில் 63.1 சதவீதம் பேருக்கும் சொத்தை இருந்தது. காரணம் எளிது. சாயங்காலம் பள்ளி விட்டு வரும் வழியில் தேன்மிட்டாயோ கிரீம் பிஸ்கட்டோ வாய்க்குள் போகிறது. வீட்டில் மணப்பாறை முறுக்கு காத்திருக்கிறது. மாவும் சர்க்கரையும் கடைவாய்ப் பள்ளத்தில் ஒட்டிக்கொள்ள, கிருமிகள் அதைத் தின்று அமிலம் விடுகின்றன. பகலில் உமிழ்நீர் ஊறி அதைக் கழுவிக்கொண்டே இருக்கும். தூங்கும்போது உமிழ்நீர் வற்றிவிடுகிறது. அதனால் காலையில் துலக்குவதைவிட ராத்திரி துலக்குவதுதான் பல்லைக் காப்பாற்றும். நம் ஊரிலோ பல் துலக்குவது காலைக் கடன். துலக்காமல் காபி குடித்தால் வீடே சண்டைக்கு வரும். துலக்காமல் தூங்கினால் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

கொப்பளிப்பதும் அப்படித்தான். பற்பசையில் இருக்கும் ஃப்ளோரைடு பல்லில் தங்கினால்தான் பலன், நுரையைத் துப்பிவிட்டு அத்தோடு விடுங்கள் என்கிறார்கள் பல் மருத்துவர்கள். சொம்பு சொம்பாகக் கொப்பளித்து, தொண்டை வரை விரல் விட்டு நாக்கை வழித்து, தெருவுக்கே கேட்கும்படி ஓங்கரிக்கும் வீட்டில் இதைச் சொல்லிப் பார்த்தேன். பாட்டி என்னை இரண்டு நாள் வேறு மாதிரி பார்த்தாள். ராத்திரி மட்டும் ஒரே ஒரு வாய்த் தண்ணீர் என்று உடன்பாடு ஆகியிருக்கிறது.

ராத்திரி என்று வந்ததும் செயலிகளின் பெரிய ஓட்டை தெரிகிறது. ஒன்பதரை மணிக்கு நினைவூட்டல் அடிக்கும். பையன் போனை எடுப்பான். நினைவூட்டலைத் தள்ளினால் கீழே இன்ஸ்டாகிராம் அறிவிப்பு காத்திருக்கும். பல் துலக்கக் கூப்பிட்ட மணி, ரீல்ஸ் பார்க்கக் கூப்பிட்ட மணியாக மாறிவிடும். இதில் எந்தச் செயலியையும் தனியாகக் குறை சொல்ல முடியாது. ஸ்மார்ட்போனின் பிறவிக் குணம் அது. பழைய போன் நல்லதாகப் போயிற்று என்று சொன்னது இதனால்தான். சிம் இல்லை, வைஃபை இல்லை. அது பாடும், நிற்கும், அவ்வளவுதான்.

நம் அரசுகளும் சும்மா இருக்கவில்லை. 2019 அக்டோபரில் மத்திய சுகாதார அமைச்சகம் எய்ம்ஸோடு சேர்ந்து இ-தந்த்சேவா என்ற இணையதளத்தையும் செயலியையும் தொடங்கியது. தமிழக அரசு 2023-ல் பள்ளிப் பிள்ளைகளின் பல்லைப் பரிசோதிக்க 'புன்னகை' திட்டத்தைக் கொண்டுவந்தது. வாய்நலத்துக்குக் கைப்பேசியை எப்படிப் பயன்படுத்துவது என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் ஒரு கையேடே போட்டது. தகவல் தருவதும் பரிசோதிப்பதும் அவசியமான வேலைகள். ஆனால் ராத்திரி ஒன்பதரைக்கு, சாப்பிட்ட களைப்பில் இருக்கும் பதினாலு வயதுப் பையனைக் குழாயடிக்கு எழுப்பிக்கொண்டு போவது தனி வேலை. அதைத் தகவல் செய்யாது, கூப்பிடுகிற ஒரு குரல்தான் செய்யும்.

திருச்சியில் பொறியியல் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. இறுதியாண்டு ப்ராஜெக்டுக்குத் தலைப்புத் தேடும் பிள்ளைகளுக்கும் பஞ்சமில்லை. பல் செயலி செய்வதாக இருந்தால் கேமராவை விட்டுவிடுங்கள், பதக்கத்தையும் விட்டுவிடுங்கள். பட்டன் போனுக்கே ராத்திரி ஒரு அழைப்பு வரட்டும். எடுத்தால் இரண்டு நிமிடம் பாட்டு. நடுநடுவே தமிழில் "இப்போ கீழ்வரிசை" என்று ஒரு குரல். முடிந்ததும் "துப்பிட்டுப் படு, கொப்பளிக்காதே" என்று ஒரு அதட்டல். குரல் யாருடைய பாட்டியுடையதாக இருந்தாலும் சரி.

அது வரும்வரை பிரஷ் டிஜேயைத் தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள். மாணவர் கையில் இருக்கும் போனில் மட்டும் வேண்டாம். வீட்டில் கிடக்கும் பழைய போனில் போட்டு, சிம்மைக் கழற்றி, குழாயடியில் வையுங்கள். காலை நினைவூட்டலை அணைத்துவிடலாம். அதை வீட்டில் உள்ளவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இரவு நினைவூட்டலை மட்டும் அணைக்காதீர்கள்.