ஸீல் நாட்டு அரசி

கொடுங்கோல் என்னும் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் ‘வளைந்த கோல்’ என்றே பொருள்படும். ஒன்றை வளைந்தது என்று கூறும்போதே, அது ஒரு காலத்தில் நேராக நின்றது என்பதையும் சொல்லாமற் சொல்லிவிடுகிறோம். அரபு மொழியிலே கொடுமைக்கு ‘ளுல்ம்’ என்று பெயர். ஒரு பொருளை அதற்குரிய இடத்தில் வையாமல் வேறிடத்தில் வைப்பதே ளுல்ம் என அகராதி வல்லார் விளக்குவர். அங்கும் அதே குறிப்புத்தான். ஒவ்வொன்றுக்கும் முன்னரே ஓர் இடம் உண்டு. அது பெயர்க்கப்படும்போது கொடுமை பிறக்கிறது. ஆக, கொடுமைக்கு ஒரு முற்காலம் உண்டென்பதை இரு மொழிகளும் ஒப்புகின்றன. கொடுங்கோலரைப் பாத்திரமாகப் படைக்கும் எந்தக் கதையையும் இந்த உரைகல்லில் உரைத்துப் பார்ப்பது தகும்.

நாம் ஈண்டு எடுத்துக்கொள்வது காவியமன்று. ஒரு வீடியோ விளையாட்டு. விளையாட்டுக்கு விமரிசனமா என்று பெரியோர் சிலர் வினவலாம். அரசர் கதைகளையும் அரக்கர் கதைகளையும் பாட்டிமாரிடம் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நம் பிள்ளைகளோ அவற்றைத் திரையில் தாமே நடத்திப் பார்க்கிறார்கள். எந்தக் கொடியவரோடு அவர்கள் பொருதுகிறார்கள், அக்கொடுமைக்கு என்ன காரணம் அவர்களுக்குக் கூறப்படுகிறது என்பவற்றைப் பெற்றோர் அறிந்திருத்தல் நலம்.

1995-ஆம் ஆண்டு ஜப்பானின் ஸ்கொயர் நிறுவனம் வெளியிட்டது ‘க்ரோனோ ட்ரிக்கர்’. ஹிரோனோபு சகாகுச்சி, யூஜி ஹோரி, ஓவியர் அகிரா டோரியாமா ஆகிய மூவரும் அதன் ஆக்கத்தில் கூடினர். கதையின் பெரும்பகுதியை எழுதியவர் மசாட்டோ காட்டோ. இன்று அது கைபேசியிலும் கிடைக்கிறது. விண்ணிலிருந்து வீழ்ந்து, நிலத்தின் ஆழத்தில் உறங்கி, 1999-இல் எழுந்து உலகை அழிக்கும் லாவோஸ் என்னும் உயிரைத் தடுக்க, இளைஞர் சிலர் காலத்தின் வாயில்களைக் கடந்து செல்வதே கதை. அவர்கள் சென்றடையும் காலங்களுள் ஒன்று கி.மு. 12000. அங்கேதான் ஸீல் நாட்டு அரசியைக் காண்கிறோம்.

கீழே நிலமெங்கும் பனி. மேலே மேகங்களுக்கும் அப்பால் மிதக்கும் தீவுகள். மந்திர ஆற்றல் பெற்றோர் மேலே மாளிகைகளில் வாழ்கின்றனர். அஃது அற்றோர் கீழே குகைகளில் ஒடுங்கியுள்ளனர். ஜப்பானிய மூலத்தில் மேலோர்க்கு ‘ஒளியின் மக்கள்’ என்றும், கீழோர்க்கு ‘மண்ணின் மக்கள்’ என்றும் பெயர். அரபு பயின்றோர்க்கு இங்கே ஒன்று தோன்றாமற் போகாது. ளுல்ம் என்ற சொல் பிறந்த அதே வேரிலிருந்துதான் இருளைக் குறிக்கும் ‘ளுல்மத்’ என்ற சொல்லும் பிறந்தது. ஒளியின் பெயரைச் சூடிக்கொண்ட நாட்டிலே இருளின் வேர் ஓடியிருப்பதை இக்கதை பொருத்தமாகவே காட்டுகிறது.

அந்நாடு முன்னர்ச் சூரியக்கல்லின் ஆற்றலால் இயங்கியது. அரசி அதைக் கைவிட்டு, லாவோஸின் ஆற்றலை உறிஞ்சும் ஓர் இயந்திரத்தை நிறுவுகிறாள். அவள் வேண்டுவது சாகாத வாழ்வு. ஆங்கிலப் பெயர்ப்பில் அவ்வியந்திரத்துக்கு ‘மம்மோன்’ என்று பெயரிட்டுள்ளனர். அரபுக்கு உடன்பிறந்த அரமேய மொழியிலே இச்சொல் செல்வத்தைக் குறிக்கும். கிறிஸ்தவர்களின் சுவிசேஷத்தில் அது இறைவனுக்கு எதிர்நிற்கும் எஜமானனாகப் பேசப்படுகிறது. அரசி விரும்பியது பொருளையன்று எனினும், கருவியாக வந்தது எஜமானனாகிவிட்டது என்ற அளவில் அப்பெயர் பொருந்துகிறது.

அவளது ஆட்சியில் ஒவ்வொன்றும் இடம் பெயர்வதைக் கவனித்தல் வேண்டும். சூரியன் இருந்த இடத்தில் பாதாளத்து உயிர் அமர்கிறது. தடுத்துரைத்த ஞானி மெல்கியோர் மலைமீது சிறைவைக்கப்படுகிறார். பெற்ற மகள் ஷாலா, இயந்திரத்தை இயக்கும் திறவுகோலாக்கப்படுகிறாள்.

இந்த ஷாலாவின் பாத்திரமே கதையின் உயிர் எனலாம். அவள் மண்ணின் மக்களிடம் இரக்கம் கொண்டவள்; அவர்களும் அவளை நேசிக்கின்றனர். செய்வது தீதென்று அறிந்திருந்தும், தாய் ஆணையிடும்போது அவள் கரம் இயந்திரத்தின்பால் நீளுகிறது. கொடுமை கொடியவரின் கையால் மட்டும் நடப்பதன்று. மறுக்க நாவெழாத நல்லவரின் கையும் அதற்குத் தேவைப்படுகிறது. பெற்றோர்க்குப் பணிதல் பெருங்கடமை. அநீதிக்குத் துணைபோகும்படி பெற்றோரே பணித்தால் அக்கடமை அங்கே நின்றுவிடுகிறது. இவ்வெல்லையை விளையாட்டு உபதேசமாகக் கூறவில்லை. அதைக் கடக்க மாட்டாத ஒரு பெண்ணின் துயரமாகக் காட்டுகிறது. கடலடி மாளிகையில் லாவோஸ் எழுந்து நாடே அழியும் வேளையில், எஞ்சிய ஆற்றலால் பிறரைத் தப்புவித்துவிட்டு அவள் அங்கேயே நின்றுவிடுகிறாள்.

இனி, குறைக்கு வருவோம். அரசிக்கு ஒரு மகனும் உண்டு; ஜானஸ் என்று பெயர். சிறுவனான அவன், முகம் தாயினுடையதாயினும் உள்ளே இருப்பவள் வேறொருத்தி என்ற கருத்துப்படப் பேசுகிறான். அரசியின் முற்காலத்துக்குக் கதை தரும் சான்று ஏறத்தாழ அவ்வளவே. அவள் எவ்வாறு ஆண்டாள், எந்த அச்சம் அவளைச் சாகாமையின்பால் துரத்தியது, முதல் அநீதியை எந்நாளில் செய்தாள்? ஒன்றும் காட்டப்படவில்லை. அவளுக்கென்று ஒரு பெயர்கூட இல்லை. நாட்டின் பெயரே அவள் பெயர். மாற்றத்துக்கு இயந்திரமே காரணம் என்று கை காட்டப்படுகிறது. எல்லாம் இயந்திரத்தின் செயல் என்றால், அவளுடைய குற்றந்தான் யாது?

மகனையோ கதை வேறு விதமாக நடத்துகிறது. காலவாயிலில் சிக்கி கி.பி. 600-ஐ அடுத்த காலத்தில் வளர்ந்த ஜானஸ், மாகஸ் என்னும் பெயரில் மனிதர்க்கெதிராகப் போர் தொடுத்த கொடியவனாகிறான். ஆயினும் அவனுக்கு ஒரு குழந்தைப் பருவம் காட்டப்படுகிறது. தமக்கையை இழந்த துயரம் காட்டப்படுகிறது. இறுதியில் அவனோடு பொருவதா, அவனைத் துணையாக ஏற்பதா என்ற முடிவே ஆடுவோர் கையில் ஒப்படைக்கப்படுகிறது. மகன் லாவோஸைப் பகைத்தான், தாய் அதனையே தொழுதாள், ஆதலின் இருவரும் ஒன்றல்லர் என்று மறுமொழி கூறலாம். அதனை நாமும் ஒப்புகிறோம். மன்னிப்பு இருவர்க்கும் ஒரே அளவில் வேண்டுமென்பது நம் வாதமன்று. வரலாறு இருவர்க்கும் வேண்டும் என்பதே நம் வாதம். மகன் ஏன் கெட்டான் என்பதை ஆடும் பிள்ளை அறிகிறான். தாய் ஏன் கெட்டாள் என்பதை அறியாமலேயே அவளை வீழ்த்துகிறான்.

வீழ்த்தும் விதமும் அத்தகையதே. வானில் மிதக்கும் கரிய கோட்டையாகிவிட்ட மாளிகையில் அவள் காத்திருக்கிறாள். முடிவில் ஒரு பெரிய முகமும் இரு கைகளுமாக உருமாறிப் பொருதுகிறாள். அக்கோட்டைக்குள் நுழையாமலேயே கதையை முடித்துவிடவும் வழி உண்டு. ஒரு நாட்டையே அழித்தவளின் கணக்கு, விரும்பினால் தீர்க்கத்தக்க சில்லறைக் கணக்காகிவிடுகிறது.

எனினும், நாடு வீழ்ந்தபின் வரும் சிறு காட்சி ஒன்று இக்குறையை ஓரளவு ஈடுசெய்கிறது. தீவுகள் கடலில் மூழ்கிய பின்னர், எஞ்சிய நிலத்திலே ஒரே ஊரில் ஒளியின் மக்களும் மண்ணின் மக்களும் சேர்ந்து வாழ்கின்றனர். நேற்றுவரை குகையில் கிடந்தோர், மேலிருந்து வீழ்ந்தோரைத் துரத்தாமல் இடம் தருகின்றனர். பெயர்க்கப்பட்டவை மீண்டும் தத்தம் இடத்தில் அமர்வது அங்கேதான். அரசியை வென்ற போர்க்களத்திலன்று.

ஆகவே இவ்விளையாட்டைப் பிள்ளைகளிடமிருந்து மறைக்க வேண்டுமென்று நாம் கூறோம். அவர்கள் அருகே அமர்ந்து, ‘இந்த அரசி முன்னர் எப்படி இருந்தாள்?’ என்று ஒரு கேள்வி மட்டும் கேட்டு வையுங்கள். திரையில் அதற்கு விடை இல்லை என்பதை அவர்களே கண்டுகொள்வார்கள். அந்த விடையைத் தம் அறிவால் தேடத் தொடங்குவார்களாயின், விளையாட்டு விட்ட குறையை அவர்கள் நிரப்பியவராவர்.