வாழ்வியல் திறனும் சமூக அறிவும்: சமுதாயக் கல்லூரிப் பாடத்திட்டம் – ஒரு மதிப்பீடு

இந்தியாவில் சமுதாயக் கல்லூரி என்னும் முயற்சி 1995இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் வழியே தொடங்கியது. 1996இல் சென்னைச் சமுதாயக் கல்லூரி உருவாயிற்று. பள்ளிக்கல்வியை இடையில் விட்டோர்க்கும் இடமளித்தமை இவ்வியக்கத்தின் சிறப்பு. எனினும், இதன் பாடத்திட்டத்தில் சமூக, நடத்தை அறிவியல் பெற்றுள்ள இடம் மறுபரிசீலனைக்குரியது.

சென்னைக் கல்லூரியின் வழிவந்த பட்டயப் படிப்பு வாழ்வியல் திறன், தொழில் திறன், களப்பயிற்சி ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்டது. இவற்றுள் வாழ்வியல் திறன் பகுதியே நடத்தை அறிவியலுக்கு நெருக்கமானது. ஆயினும் அங்கு நடத்தை என்பது தனிமனிதர் செம்மைப்படுத்திக்கொள்ள வேண்டியதாகவே கருதப்படுகிறது. அதனை உருவாக்கும் சமூகம் ஆய்வுப்பொருளாவதில்லை. அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளிலோ உளவியலும் சமூகவியலும் தனிப் பாடங்களாகவே பயிற்றப்படுகின்றன. அவற்றில் பெறும் மதிப்பலகுகளைப் பட்டப்படிப்புக்கும் கொண்டுசெல்ல இயலும்.

புதுச்சேரியை ஒட்டிய வானூர்ப் பகுதியையும் அதனையடுத்த மரக்காணம் உப்பளங்களையும் சான்றாகக் கொள்ளலாம். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் உப்பு உற்பத்தி நின்றுவிடும். அதனோடு கூலியும் நின்றுவிடும். வாழ்வியல் திறன் பாடம் அம்மாதங்களுக்கான சிக்கனத்தைக் கற்பிக்கலாம். உழைப்போர்மீது மட்டும் மழையின் இழப்பு ஏன் விழுகிறது என்பதைச் சமூக அறிவியலே விளக்கவல்லது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2013ஆம் ஆண்டுத் திட்டமும் தொழில்துறைத் தேவையையே முதன்மைப்படுத்தியது. வேலை பெற்றோர் எண்ணிக்கை ஒன்றே அளவுகோலாயின் இக்குறை புலப்படாது. தம் ஊரின் தொழிலையும் அதன் கூலிமுறையையும் ஆராய்ந்து வினவும் ஆற்றலை மாணவர் பெற்றனரா என்பதும் மதிப்பீட்டில் இடம்பெறுதல் வேண்டும்.