முதல் பந்து கெட்ட பிறகு

நல்ல செட்டரை நல்ல பந்தில் அடையாளம் காண முடியாது. சர்வீஸை எடுப்பவர் பந்தை நெட்டுக்கு ஒரு முழம் தள்ளி, தலைக்கு நேர் மேலே நிதானமாக இறங்கும்படி கொடுத்துவிட்டால், புதுச்சேரி லாஸ்பேட்டையில் சாயங்காலம் ஆட வருகிற பையன்களில் பாதிப் பேர் அதை அழகாகத் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். சர்வீஸ் கையில் பட்டுச் சிதறி, பந்து மூன்று மீட்டர் கோட்டையும் தாண்டிப் பின்பக்கம் சுழன்று போகும்போது அவர் என்ன செய்கிறார் என்று பார்க்க வேண்டும். வாலிபாலில் நான் காசு கொடுத்துப் பார்க்கத் தயாராக இருப்பது அந்த ஒன்றரை விநாடியைத்தான். ஸ்மாஷ் எல்லோர் கண்ணிலும் படுகிறது, கைதட்டலும் அதற்கே போய்விடுகிறது.

ஓர் அணிக்கு 9 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம் இடம். நெட் ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24 மீட்டர் உயரம். மூன்று தொடுதலுக்குள் பந்து அந்தப் பக்கம் போய்விட வேண்டும். முதல் ஆள் எடுக்கிறார், மூன்றாவது ஆள் அடிக்கிறார், நடுவில் செட்டர். ஊர்ப்பக்கம் லிஃப்டர் என்பார்கள். யார் அடிப்பது, எந்த உயரத்தில், எந்த வேகத்தில் என்று தீர்மானிப்பவர் அவர்தான். எதிரணிக்கும் இது நன்றாகத் தெரியும். ஆனால் அவர்மேல் பாய முடியாது, நடுவில் நெட் நிற்கிறது. அதனால் அவர் கைக்கு வர வேண்டிய பந்தைக் கெடுக்கிறார்கள். நவீன வாலிபாலில் சர்வீஸ் என்பது பாதி இதற்காகவே போடப்படுகிறது. நேரடிப் புள்ளி கிடைத்தால் லாபம், கிடைக்காவிட்டாலும் செட்டர் இரண்டடி கூடுதலாக ஓடினால் போதும்.

1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற பிரேசில் ஆண்கள் அணியிடமிருந்துதான் ஜம்ப் சர்வீஸ் உலகெங்கும் பரவியது. இன்று உயர்மட்ட ஆட்டங்களில் அது மணிக்கு 120 கிலோமீட்டரைச் சர்வசாதாரணமாகத் தாண்டுகிறது. எண்ட் லைனிலிருந்து கிளம்பிய பந்து எடுப்பவர் முன்கையில் மோத அரை விநாடிக்குச் சற்றே கூடுதலாக ஆகும். அதற்குள் அவர் கால் வைத்து, முழங்கை பூட்டி, கோணம் பார்த்துச் செட்டரிடம் சேர்க்க வேண்டும். பத்தில் மூன்று நாலு பந்து கெட்டுப்போவதில் ஆச்சரியம் இல்லை. மீதி ஆறேழு ஒழுங்காக வருகிறதே, அதுதான் ஆச்சரியம்.

நம் திறந்தவெளி ஆட்டத்தில் அந்த வேகம் கிடையாது. அதைவிடத் தொல்லையான ஒன்று உண்டு: கடல்காற்று. பிற்பகலில் கிழக்கிலிருந்து கிளம்பும் காற்று லாஸ்பேட்டைச் செம்மண் மேட்டுக்கு வந்து சேரும்போது தெருப்புழுதியையும் அள்ளிக்கொண்டு வருகிறது. சுழலே இல்லாமல் தட்டிவிடும் ஃப்ளோட் சர்வீஸை அந்தக் காற்றில் எடுத்துப் பாருங்கள். மார்புக்கு வருவது போலிருக்கும், கடைசி ஒரு மீட்டரில் தோள்பக்கம் விலகும், இல்லையென்றால் திடீரென்று காலடியில் விழும். ஹெலிபேட் மைதானத்துப் பக்கம் ஆடிப் பழகியவர்கள் டாஸ் ஜெயித்தால் முதலில் காற்றைத்தான் பார்ப்பார்கள். காற்றுக்கு எதிர்முகமாக நின்று சர்வீஸ் போடுவதில் சிலர் வல்லவர்கள். பந்து நெட்டைத் தாண்டியதும் களைத்துப்போனது போல் சரிந்து இறங்கும். எடுப்பவர் முன்னால் பாய்ந்து விரலில் தட்டிவிட, பந்து தாழ்வாக, தாறுமாறாகப் பக்கவாட்டில் பறக்கும். செட்டரின் ஓட்டம் அங்கே ஆரம்பம்.

முதலில் கால்களைப் பாருங்கள். சாதாரண செட்டர் பந்தைப் பார்த்துக்கொண்டே ஓடுவார், பந்து வந்து சேரும்போது அவரும் வந்து சேர்வார். தேர்ந்தவர் எடுப்பவரின் முன்கை சாயும்போதே கிளம்பிவிடுவார். பந்து விழப்போகும் இடத்துக்கு ஒரு கணம் முன்பே போய், இடுப்பை அடிப்பவர் பக்கம் திருப்பி, நின்றுவிடுவார். ஓட்டத்தின் நடுவே அப்படி நிற்கத் தெரிவது பெரிய வித்தை. நிற்காமல் தூக்கிய பந்து, ஓடிய திசையின் வேகத்தையும் வாங்கிக்கொண்டு நெட்டின் ஓரத்தில் நிற்கும் ஆன்டெனாவுக்கு வெளியே போய்விடும்.

அடுத்தது கை. பத்து விரலும் ஒரே நேரத்தில் தொட்டு ஒரே நேரத்தில் விட வேண்டும். ஒரு கை முந்தினால் நடுவர் டபுள் டச் ஊதுவார், கொஞ்சம் தங்கினால் ஹோல்டிங். நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வைக் கையோடு, சுழன்று வரும் ஈரப்பந்தைச் சுழல் இல்லாமல் அனுப்புவது லேசான வேலையா? அனுபவசாலிகள் ஒவ்வொரு புள்ளிக்கும் இடையில் குனிந்து மண்ணைத் தொட்டுக் கையை உலர்த்திக்கொள்வார்கள். சகுனம் பார்க்கிறார் என்று வெளியூர்க்காரர் நினைத்துக்கொள்ளலாம்.

பந்து மிகத் தாழ்ந்து வந்தால் அழகைக் கைவிடவும் தெரிய வேண்டும். விரலால் எடுக்க ஆசைப்பட்டு முட்டி போட்டுத் தடுமாறுவதைவிட, முன்கையால் அண்டர்ஹேண்டில் உயரமாக அனுப்புவது மேல். இளம் செட்டர்கள் இதைக் கௌரவக் குறைச்சலாக நினைக்கிறார்கள். என் கணக்கில், எண்ட் லைன் ஓரத்திலிருந்து முன்கையால் அனுப்பி, நெட்டுக்கு ஒரு மீட்டர் தள்ளி இறக்கிய பந்துதான் ஓர் ஆட்டத்தின் ஆகச்சிறந்த செட்டாக இருக்கக்கூடும். அந்த ஒரு மீட்டர் முக்கியம். நெட்டை ஒட்டிப் போனால் எதிரே எழும் பிளாக் அப்படியே விழுங்கிவிடும். தள்ளி இருந்தால் அடிப்பவருக்கு எதிரேயுள்ள கைகள் தெரியும், விரல் நுனியில் பட்டு வெளியே போகும்படி அடிக்கலாம், அல்லது பிளாக்கில் மெதுவாகத் தட்டித் திருப்பி எடுத்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கலாம்.

முதல் பந்து கெட்டால் வேறென்ன கெடுகிறது? நடுவில் அடிக்கும் ஷார்ட் பால் போய்விடுகிறது. ஷார்ட் பால் இருக்கும்வரை எதிரணியின் நடு பிளாக்கர் அதற்காகக் காத்திருந்தாக வேண்டும், ஓரங்களில் அடிப்பவருக்கு எதிரே ஒரே ஆள்தான் எழுவார். அது இல்லை என்று தெரிந்த மறுகணம் இரண்டு பேர், சில நேரம் மூன்று பேர், இடது ஓரத்துக்கு நகர்ந்துவிடுவார்கள். உயரமாகத் தூக்கிய பந்து இறங்க ஒரு விநாடிக்கு மேல் ஆகும், அவர்களுக்கு அது தாராளம். இரண்டு மூன்று முறை அடி பிளாக்கில் பட்டுத் திரும்பி வந்தால் செட்டரின் மனம் சுருங்கும். நம்பிக்கையான ஒரே ஆளுக்கே திரும்பத் திரும்பக் கொடுப்பார். எதிரணி எதிர்பார்ப்பதும் அதுதான். கூட்டம் அப்போது கத்தும்: “லிஃப்டரை மாத்துங்கப்பா!” மூன்று பந்துக்கு முன்னால் எடுக்கத் தவறியவரின் பெயர் அந்தக் கத்தலில் வராது.

அமெரிக்கக் கால்பந்தில் குவார்ட்டர்பேக்கின் கதையும் இதேதான். பந்தை எறிவது அவர் வேலை, அவரைக் காப்பது முன்வரிசையின் வேலை. 2021 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பவுல் இறுதிப் போட்டியில் கான்சாஸ் சிட்டி அணியின் பேட்ரிக் மஹோம்ஸுக்கு இரண்டு ஓரமும் காக்கிற வழக்கமான ஆட்கள் காயத்தால் இல்லை. டாம்பா பே அணி அவரை ஆட்டம் முழுக்க விரட்டியது. 31க்கு 9 என்று தோற்றார்கள், ஒரு டச்டவுன்கூட இல்லை. ஆனால் அன்றைய ஆட்டத்தில் ரசிகர்கள் இன்றும் பேசும் எறிதல் ஒன்று உண்டு. காலை வாரிவிட்டதில் உடம்பு தரைக்குக் கிடையாகப் பறந்துகொண்டிருக்க, மஹோம்ஸ் எறிந்த பந்து எல்லைக்கோட்டருகே சகவீரரின் முகக்கவசத்தில் போய்ப் பட்டுக் கீழே விழுந்தது. புள்ளிப்பட்டியலில் அது ஒரு தவறிய பாஸ். எனக்கு அந்த ஆட்டத்தின் விதிகளில் பாதி இன்னும் பிடிபடவில்லை. ஆனாலும் அந்த எறிதலை எந்த வாலிபால் ரசிகரும் உடனே புரிந்துகொள்வார்.

புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கும் குடும்பங்களுக்கு 2024 பாரிஸ் ஒலிம்பிக் சொந்த வீட்டு விசேஷம். ஆண்கள் வாலிபாலில் பிரான்ஸ் நடப்புச் சாம்பியன், 2021இல் டோக்கியோவில் தங்கம் வாங்கிய அணி. அந்த அணி காலிறுதியில் ஜெர்மனியிடம் முதல் இரண்டு செட்டையும் இழந்து நின்றது, 18-25, 26-28. ஜெர்மனியின் கியோர்க் குரோசர் 39 வயதில் அடித்த அடிகளைப் பார்த்தவர்களுக்கு அதில் வியப்பில்லை. பிரான்ஸ் அணியில் எர்வின் ங்காபெத் போன்ற மாயக்காரர் இருந்தும் பந்து ஒழுங்காக வராவிட்டால் அவரும் சாதாரண மனிதர்தான். பிறகு 25-20, 25-21, 15-13 என்று மீண்டார்கள். அரையிறுதியில் இத்தாலியையும் இறுதியில் போலந்தையும் 3-0 என்றே வென்றார்கள். தங்கம் வாங்கிய ஆட்டத்தைவிட, தோற்றுக்கொண்டிருந்த அந்தக் காலிறுதியின் இரண்டாவது செட்டைத்தான் நான் மறுபடி மறுபடி போட்டுப் பார்ப்பேன்.

அதே ஒலிம்பிக்கில் இதற்கு நேர்மாறான கதையும் நடந்தது. ஜப்பான் செட்டர் மசாஹிரோ செகிதா 175 சென்டிமீட்டர் உயரம்தான், அந்த மட்டத்தில் குள்ளம். ஆனால் கால்வேகத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. இத்தாலிக்கு எதிராக இரண்டு செட் முன்னிலை, மூன்றாவதில் 24-21 என்று வெற்றிக்கு ஒரு புள்ளி தூரம். அங்கிருந்து 27-25, 26-24, 17-15 என்று மூன்று செட்டையும் விட்டு ஜப்பான் வெளியேறியது. செகிதாவின் கை அன்று கெட்டுவிட்டது என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன்.

நம் பக்கமும் ஓர் இரவு உண்டு. 2023 செப்டம்பர் 20, ஹாங்சோ ஆசியப் போட்டி. முந்தைய ஆசியப் போட்டியில் வெள்ளி வாங்கிய தென்கொரியாவுடன் இந்தியா ஐந்து செட் மல்லுக்கட்டி 25-27, 29-27, 25-22, 20-25, 17-15 என்று வென்றது. இந்திய அணிக்குத் தலைமை தாங்கிய மோகன் உக்ரபாண்டியன் போன்ற செட்டர்கள் தமிழகத்திலிருந்து வருவது தற்செயல் இல்லை. கோயில் திருவிழாவை ஒட்டி விளக்கு கட்டி விடிய விடிய நடக்கும் போட்டிகளில் தரை சமமாக இருக்காது, வெளிச்சம் ஒரு பக்கம் மங்கும், முதல் பந்து ஒழுங்காக வருவதே அபூர்வம். கெட்ட பந்தைத் திருத்தக் கற்பதற்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

ஒரு மனக்குறை மட்டும் உண்டு. அணி பிரிக்கும்போது உயரமானவன் அடிப்பான், தைரியமானவன் எடுப்பான், மீந்து நிற்கிற குட்டையானவனைப் பிடித்து லிஃப்டர் ஆக்கிவிடுகிறோம். அவனுக்கு யாரும் கெட்ட பந்து போட்டுப் பயிற்சி தருவதில்லை. நெட்டருகே நிற்கவைத்து, அழகாகத் தலைக்கு மேல் போட்டுக் கொடுத்து, நூறு முறை தூக்கச் சொல்கிறார்கள். பயிற்சி தருகிறவர் பந்தை வேண்டுமென்றே மூலைக்கு வீசி, அவனை ஓடவிட்டு, எதிரே இரண்டு பேரைக் கையுயர்த்தி நிற்கச் சொல்லி, “இப்ப யாருக்குக் கொடுப்ப?” என்று கேட்கட்டும். எடுக்கிற பையன்களையும் அதே நேரத்தில் காற்றுக்கு எதிரே நிறுத்தி ஃப்ளோட் சர்வீஸ் போடட்டும்.