குழாயடியில் என்ன நடக்கிறது?

சமீபத்தில் ஒரு நாவல் விமர்சனக் கூட்டம். பேச வந்த இருவருக்கும் குரல் உயர்ந்துவிட்டது. தலைமை தாங்கியவர் மைக்கை வாங்கி, "குழாயடிச் சண்டை வேண்டாமே" என்றார். அரங்கம் சிரித்தது, நானும்தான். செங்கல்பட்டுக்கு ரயிலில் திரும்பும்போதுதான் உறைத்தது. என் அம்மா பதினைந்து வருஷம் குடத்தோடு நின்ற இடம் அது.

சத்தமான சண்டைக்குத் தமிழில் சொற்பஞ்சம் கிடையாது. 'தகராறு' அரபியில் கிளம்பி உருது வழியாக வந்தது. மூலத்தில் 'திரும்பத் திரும்பச் சொல்வது' என்று பொருள். (எந்தத் தகராறையும் கேட்டவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.) 'கலாட்டா'வுக்குப் பல் போய் நாளாயிற்று, 1968-லேயே 'கலாட்டா கல்யாணம்' என்று நகைச்சுவைப் படத்துக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். சட்டசபையில் மைக் பறந்தால் பத்திரிகைகளுக்கு அது 'அமளி'. இந்தச் சொற்களில் யார் சண்டை போட்டார்கள் என்ற தகவல் இல்லை. குழாயடிச் சண்டையில் இடம் இருக்கிறது, இடத்தோடு ஆளும் வந்துவிடுகிறாள்: வீட்டுக்குள் குழாய் இல்லாத பெண்.

ஆண்கள் டீக்கடை பெஞ்சில் கத்தினால் அது அரசியல். தினமலரில் அந்தப் பெயரில் ஒரு பத்தியே உண்டு. திண்ணைப் பேச்சுக்குக் கேலி உண்டு, அருவருப்பு கிடையாது.

எங்கள் தெருக்குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரு மணி நேரம் தண்ணீர் வரும். ராத்திரியே குடங்கள் வரிசைக்கு வந்துவிடும், குடம் இல்லாவிட்டால் ஒரு கல். வீட்டுக்கு நாலு குடம், அப்புறம் வரிசையின் கடைசிக்குப் போகணும். கைக்குழந்தைக்காரிக்கு முதல் குடம். இதையெல்லாம் யாரும் எழுதித் தரவில்லை. ஒரே சர்வருக்குப் பத்து நிரல்கள் முட்டிமோதாமல் 'கியூ' எழுத எனக்குச் சம்பளம் தருகிறார்கள். அம்மா கத்தியது, நான் கேட்டவரை, விதி மீறப்பட்டபோதுதான்: "இன்னாடி, அஞ்சாவது கொடம் யாரு ஊட்டுக்கு?" தெருமுனையில் ஒருவர் மோட்டார் வைத்து உறிஞ்சினார். அவர் யாரோடும் சண்டை போட்டதே இல்லை. அவருக்குத் தேவைப்படவில்லை.

அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலில் சென்னைத் தெருப் பெண்கள் தண்ணீருக்கு அலைகிறார்கள். அவர்களை அவர் வேடிக்கைப் பொருளாக்கவில்லை, களைப்பை எழுதினார். அந்தத் தண்ணீரை உடனே 'மனித உறவின் குறியீடு' ஆக்கிவிடும் வாசிப்புகள் மேல் எனக்கு எரிச்சல் உண்டு. முதலில் அது தண்ணீர், சார்.

மாமல்லபுரம் போகிற ஈசிஆரில் நெம்மேலி இருக்கிறது. அங்கே 2013-ல் திறந்த கடல்நீர் குடிநீராக்கும் நிலையத்தின் திறன் நாளுக்கு 10 கோடி லிட்டர். 2024-ல் பக்கத்திலேயே 15 கோடி லிட்டருக்கு இன்னொன்று வந்தது. தண்ணீர் ராட்சதக் குழாயில் வடக்கே சென்னைக்குப் போகிறது. அந்தக் குழாயடியில் யாரும் குடத்தோடு நிற்பதில்லை. எந்தப் பகுதிக்கு எத்தனை லிட்டர் என்பது ஏசி அறையில், தணிந்த குரலில் முடிவாகிறது. அதற்குப் பெயர் ஆலோசனைக் கூட்டம்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"கடைசில என்னடா முடிவாச்சு?"

"முடிவெல்லாம் இல்லம்மா. அவரு மைக்க வாங்கிட்டாரு."

"அப்ப அது குழாயடி இல்லடா. எங்களுது தண்ணி நிக்கறதுக்குள்ள முடிஞ்சாகணும்."