கழுவுகிறவனின் கை

பொருள்களின் வடிவத்தைப் பற்றி எழுதப்படுபவற்றில் அனேகமானவை வாங்குகிறவரின் பக்கம் நின்று எழுதப்பட்டவை. கடைக் கண்ணாடிக்குள் இருக்கும் கேத்தல், அருங்காட்சியக வெளிச்சத்தில் நிற்கும் நாற்காலி, சஞ்சிகையின் வழவழப்பான தாளில் தெரியும் மேசைவிளக்கு ஆகியவற்றை ரசிப்பதற்குக் கண் மட்டும் போதும். ஆனால் ஒரே கோப்பையை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை எடுத்து, கழுவி, துடைத்து, அடுக்குகிறவருக்கு அதைப் பற்றிச் சொல்ல வேறு விடயங்கள் உண்டு. ஜேர்மனியில் உணவகங்களின் பின்கதவால் வேலைக்குப் போய், பின்கதவாலேயே திரும்பும் எம்மவர் பலர். வடிவமைப்பு என்பதை நாம் எந்தக் கல்லூரியிலும் படித்ததில்லை. ஆயினும் அதன் விளைவுகள் எமது மணிக்கட்டிலும் முள்ளந்தண்டிலும் பதிந்துள்ளன. அந்த அனுபவத்தின் உரிமையில் நின்றே சில பொருள்களை இங்கு விமர்சிக்க முனைகிறோம்.

முதலாவது பொருள், ஒரு மாணவனின் இறுதிப் பரீட்சை வேலை. உல்ம் நகரின் வடிவமைப்பு உயர்கல்லூரியில் படித்த ஹான்ஸ் நிக் ரோரிக்ட், 1958-59 காலப்பகுதியில் தனது பட்டத்துக்காக உணவு விடுதிகளுக்கான பீங்கான் தொகுதி ஒன்றை வடிவமைத்தார். பின்னர் றொசென்தால் குழுமத்தின் தோமஸ் நிறுவனம் அதை ரி.சி. 100 என்ற பெயரில் உற்பத்தி செய்தது. நியூயோர்க்கின் நவீன கலை அருங்காட்சியகமும் அதைத் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. ஆனால் அருங்காட்சியகத்தை விட அதற்குப் பொருத்தமான இடம் கன்ரீன்களும் இளைஞர் விடுதிகளும்தான். வெள்ளை நிறம், பூ வேலைப்பாடு ஏதுமில்லை. முதற் பார்வையில் ஆஸ்பத்திரிப் பாத்திரம்போலத் தோன்றும்.

உல்ம் கல்லூரியைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். ஹிட்லரின் ஆட்சியை எதிர்த்துத் துண்டுப்பிரசுரம் வெளியிட்டதற்காக 1943 பெப்ரவரி 22இல் தலை வெட்டப்பட்ட ஹான்ஸ், சோபி ஷோல் ஆகியோரின் சகோதரி இங்க ஷோல், அவரின் கணவர் ஒட்ல் ஐஹர், பௌஹவுஸில் பயின்ற மாக்ஸ் பில் ஆகிய மூவரும் 1953இல் இதைத் தொடங்கினர். கல்லூரி அமைந்த கூபேர்க் குன்றின் கோட்டையில் 1933 முதல் 1935 வரை நாசிகளின் வதைமுகாம் இயங்கியது. எனவே அங்கு கரண்டியையும் கோப்பையையும் பற்றி யோசித்தவர்களுக்கு அது அலங்காரப் பிரச்சினையாக இருக்கவில்லை. இடிந்துபோன ஒரு சமூகம் எந்தப் பொருள்களோடு மீண்டும் வாழத் தொடங்குவது என்பதே அவர்களின் கேள்வியாக இருந்தது. உள் முரண்பாடுகளாலும், மாநில அரசு பணத்தை நிறுத்தியதாலும் 1968இல் கல்லூரி மூடப்பட்டது.

இனிக் கோப்பைக்கு வருவோம். அதன் கீழ்ப்பகுதி சரிந்து ஒடுங்குகிறது. மேற்பகுதி நேராக நிற்கிறது. ஒரு கோப்பையின் ஒடுங்கிய அடி மற்றதன் நேரான வாய்க்குள் அளவாக இறங்கி அமர்கிறது. கிண்ணங்களுக்கும் இதே விதிதான். அடுக்கினால் தூண்போல் நிற்கும், ஆடாது. இதன் பெறுமதி சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு ஒரு சமையலறைக்குள் நின்றவருக்குத்தான் தெரியும். ஆடும் அடுக்கை ஒரு கையால் அணைத்து, மறு கையால் கதவைத் தள்ளி, ஈரத் தரையில் காலை ஊன்றி நடக்கவேண்டும். உடைந்தால் ஏச்சு, சில இடங்களில் சம்பளத்தில் கழிவு. அடியில் குழிவான வளையம் வைத்து அழகுபார்த்த கோப்பைகளும் உண்டு. ஐம்பதுக்கு ஐம்பது சென்ரிமீற்றர் கூடையில் கவிழ்த்து இயந்திரத்துக்குள் அனுப்பினால், அந்தக் குழிக்குள் தண்ணீர் தேங்கிக்கொண்டு வரும். ஒவ்வொன்றையும் சரித்து ஊற்றித் துடைக்கவேண்டும். முந்நூறு கோப்பைக்கு முந்நூறு தடவை. அந்த வளையத்தை வரைந்தவர் அதை ஒரு நாளும் கவிழ்த்துப் பார்த்திருக்கமாட்டார்.

ரோரிக்ட் என்ற மாணவன் கவிழ்த்தும் அடுக்கியும் பார்த்திருக்கிறான் என்பதைப் பொருளே சொல்கிறது. மேசையில் அமர்ந்து கோப்பி குடிப்பவரோடு, அதைத் தூக்கிச் செல்பவரும் அவன் எண்ணத்தில் இருந்திருக்கிறார். அவர் யார், எந்த நாட்டவர் என்பதை அவன் அறியான். அறியாத ஒருவரின் கையை நினைப்பதுதான் இந்தத் தொழிலின் அறம் என்று நாம் கருதுகிறோம். 1924இல் வைமாரில் வில்ஹெல்ம் வாகன்பெல்ட் வடிவமைத்த கண்ணாடி மேசைவிளக்கு இதைவிட எவ்வளவோ புகழ்பெற்றது. பௌஹவுஸின் அந்த விளக்கை இன்று வாங்குவதற்குப் பல நூறு யூரோ வேண்டும். மக்களுக்கென்று பேசப்பட்ட பொருள் வைத்தியரின் வரவேற்பறைக்குப் போய்ச் சேர்ந்தது. ரோரிக்ட்டின் கோப்பையோ கன்ரீனில் நின்று உழைத்தது. எமது மதிப்பீட்டில் கோப்பையே உயர்ந்தது.

ஆனால் எல்லாவற்றையும் அளவுக்குள் அடக்கும் இந்தச் சிந்தனைக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. எமது சமையலறைகளில் உள்ள கே.என். உருக்குத் தட்டுகளை எடுத்துக்கொள்வோம். 1964இல் சுவிற்சர்லாந்தில் உருவான காஸ்ட்ரோநோர்ம் அளவுமுறையைச் சேர்ந்தவை அவை. முழு அளவு 530க்கு 325 மில்லிமீற்றர். அதிலிருந்து அரை, மூன்றிலொன்று, ஆறிலொன்று என்று பிரிந்துபோகும். குளிர்பெட்டி, அடுப்பு, வண்டில், பரிமாறும் மேசை எல்லாம் இந்த அளவுக்கே செய்யப்படுகின்றன. உண்மையிலேயே திறமையான ஏற்பாடு. எந்த நகரத்தில் வேலை மாறினாலும் எமது கைக்குத் தெரிந்த தட்டு அங்கே இருக்கும். ஆனால் இருபது சென்ரிமீற்றர் ஆழமான முழுத் தட்டு இருபத்தைந்து லீற்றருக்கு மேல் கொள்ளும். அதற்குள் சூப்பை நிரப்பி, வளைந்து வெட்டும் மெல்லிய விளிம்பில் பிடித்து, அடுப்பிலிருந்து ஒருவர் இறக்கவேண்டும். தட்டு இறாக்கையை நினைத்திருக்கிறது, லொறியை நினைத்திருக்கிறது, அடுப்பின் தண்டவாளத்தை நினைத்திருக்கிறது. தூக்குகிறவரின் இடுப்பை நினைக்கவில்லை. அளவு சரியாக இருப்பதனால் மாத்திரம் ஒரு பொருள் மனிதருக்குச் சரியானதாகிவிடாது.

இதே அளவுகோலை எமது பொருள்கள் மீதும் வைத்துப் பார்க்கவேண்டும். இல்லையேல் விமர்சனம் வெறும் குறைகூறலாகிவிடும்.

1958இல் அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்ள்ஸ் ஈம்ஸ், றே ஈம்ஸ் தம்பதியர் இந்திய அரசின் அழைப்பில் இந்தியாவைச் சுற்றிப் பார்த்து ஓர் அறிக்கை எழுதினர். அகமதாபாத்தில் 1961இல் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்ற அதுவே அடிப்படையானது. அவ்வறிக்கையில் அவர்கள் மிக உயர்வாகப் பேசுவது சாதாரணச் செம்பைப் பற்றி. எவ்வளவு தண்ணீர் கொள்ளவேண்டும், இடுப்பில் எப்படி அமரும், ஊற்றும்போது பாரம் எப்படி மாறும், கைக்குள் எப்படி அடங்கும் என்று கேள்விகளை அடுக்கி, எந்தத் தனி மனிதரும் இதை வடிவமைத்திருக்க முடியாது, பல தலைமுறைகளின் வேலை இது என்ற முடிவுக்கு வருகிறார்கள். அழகான, மரியாதையான பார்வை. இதைப் படிக்கும் தமிழர் எவருக்கும் உள்ளம் குளிரும்.

ஆனால் அவர்கள் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. அந்தச் செம்பை யார் தொடலாம்? எமது மூக்குப்பேணியைப் பாருங்கள். பித்தளையில் வார்த்த அந்தச் சிறு குவளையின் பக்கத்தில் ஒரு மூக்கு; அண்ணாந்து, உதடு படாமல் ஊற்றிக் குடிக்கலாம். எச்சில் படாத சுகாதாரம் என்று பெருமையாகச் சொல்வோர் எம்மிடையே பலர். இருக்கலாம். ஆனால் அதே யாழ்ப்பாணத்தில், அந்தப் பேணி எல்லாருக்கும் நீட்டப்படவில்லை. தேநீர்க்கடைகளில் ஒடுக்கப்பட்ட சாதியினருக்குச் சிரட்டையிலும் போத்தலிலும் தேநீர் வார்க்கப்பட்டது. 1966 ஒக்ரோபர் 21 சுன்னாகத்து ஊர்வலமும், அதைத் தொடர்ந்த தேநீர்க்கடை, ஆலயப் பிரவேசப் போராட்டங்களும், அடியும் உதையும் உயிரிழப்பும் வேண்டியிருந்தன, எல்லாருக்கும் ஒரே கிளாஸ் கிடைப்பதற்கு. கே. டானியலின் 'பஞ்சமர்' நாவலைப் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. சிரட்டை இயற்கைப் பொருள், மக்கிப்போகும், சூழலுக்கு உகந்தது என்றெல்லாம் இன்று விற்கிறார்கள். அதில் குடிக்கக் கட்டாயப்படுத்தப்பட்டவரின் கையிலிருந்து பார்த்தால் அது வேறு பொருள். தலைமுறைகள் சேர்ந்து ஒரு பாத்திரத்தின் வளைவை மட்டும் செதுக்குவதில்லை. அதோடு சேர்த்து ஒரு வேலியையும் செதுக்கிவிடுகின்றன.

இனி எமக்கு மிகவும் பிரியமான பொருளுக்கு வருவோம். ஜாம் போத்தல் விளக்கு. 1990 ஜூனில் போர் மீண்டும் வெடித்தபின் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பெற்றோல், பற்றரி முதலான பல பொருள்கள் தடைப்பட்டியலில் ஏறின. கிடைத்த மண்ணெண்ணெயோ எட்டாத விலை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைச் சுழற்றி டைனமோவில் வானொலி கேட்டார்கள். மோட்டார் சைக்கிளைச் சில துளி பெற்றோலில் உசுப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். பனம்பழம் கொண்டு உடுப்புத் தோய்த்தார்கள். ஜாம் போத்தலின் அடியில் சிறிது பஞ்சை வைத்து, எண்ணெயில் நனைத்து, சிறு திரி ஏற்றினால் காற்றுக்கு அணையாத, எண்ணெய் குடிக்காத விளக்கு ஒன்று கிடைத்தது. எம்மில் பலர் எழுத்தைக் கண்டது அந்த வெளிச்சத்தில்தான். சிறந்த வடிவமைப்பு என்பதில் ஐயமில்லை. மிகக் குறைந்த எண்ணெயில் மிகக் கூடிய நேரம் எரிவது என்ற ஒரேயொரு கேள்விக்கு அது கச்சிதமான விடை.

இன்று புலம்பெயர்ந்த நாடுகளில் இந்த விளக்கு எமது கெட்டித்தனத்தின் அடையாளமாகிவிட்டது. தடை போட்டவனை வென்ற தமிழன் மூளை என்கிறோம். இந்த இடத்தில்தான் எமக்கு உடன்பாடில்லை. அந்தக் கேள்வியை எம்மிடம் கேட்டது யார்? தடையல்லவா! தடை வகுத்த எல்லைக்குள் நாம் தீட்டிய திறமை அது. இதே நிலை ஜேர்மனியருக்கும் இருந்தது. 1945இன் பின் உலோகத் தட்டுப்பாட்டில் இராணுவத் தலைக்கவசங்களைத் துளையிட்டு மரக்கறி வடிக்கும் பாத்திரங்கள் ஆக்கினர். இன்று அவை அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. ஜேர்மன் மூளையின் வெற்றி என்று அவற்றைக் கொண்டாடினால் எப்படி இருக்கும்? அந்தத் தலைக்கவசம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி உடனே எழும். எமது போத்தல் விளக்குக்கும் அந்தக் கேள்வி வேண்டும்.

மேலும், எரிந்தவர்களை நாம் மறந்துவிட்டோம். பஞ்சு வைத்த விளக்கோடு, கிடைத்த போத்தலில் எண்ணெயை நிரப்பி, மூடியில் துளையிட்டுத் திரி இறக்கிய விளக்குகளும் எங்கும் இருந்தன. தட்டுப்பட்டால் அவை உருளும். மூடி கழன்றால் எண்ணெய் பாயும், தீ அதன் பின்னால் ஓடும். பாயில் படுத்திருந்த பிள்ளைகளும், பருத்தி உடுப்போடு அருகில் நின்ற பெண்களும் கருகினர். இது தமிழரின் துயரம் மட்டுமல்ல. மின்சாரம் எட்டாத சிங்களக் கிராமங்களிலும் இதே போத்தல், இதே தீ. அங்கு காரணம் வறுமை, இங்கு போர்.

விஜய கொடகும்புர என்ற சத்திரசிகிச்சை நிபுணர் இப்படி எரிந்தவர்களுக்கு வைத்தியம் செய்தவர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவர், புண்ணுக்கு மருந்திடுவதோடு நில்லாமல் விளக்கையே திருத்த முனைந்தார். மார்மைற் போத்தலின் குள்ளமான, தடித்த உருவத்திலிருந்து யோசனை பிறந்தது. கட்டையான, கனமான கண்ணாடி; தட்டினாலும் இலகுவில் சரியாது. இரண்டு பக்கம் தட்டை, சரிந்தாலும் உருளாது. திருகிப் பூட்டும் உலோக மூடி; எண்ணெய் சிந்தாது. கண்ணாடி தடிப்பு, விழுந்தாலும் எளிதில் உடையாது. விலையோ மிகக் குறைவு. 'சுதீப' என்ற பெயரில் அது இலட்சக்கணக்கில் வீடுகளுக்குப் போனது. 1998இல் றோலெக்ஸ் விருதும் அவருக்குக் கிடைத்தது. எமது பார்வையில் அந்தக் கூபேர்க் குன்றில் நடந்த வேலைக்கும் இந்த வைத்தியரின் வேலைக்கும் தூரம் அதிகமில்லை. ஒருவர் கோப்பை விழும் கணத்தை நினைத்தார். மற்றவர் விளக்கு விழும் கணத்தை. இருவரும் வடிவத்தை அங்கிருந்தே தொடங்கினர்.

இங்கு எமது பிள்ளைகள் இப்போது பல்கலைக்கழகம் போகிறார்கள். வடிவமைப்புப் படிக்க விரும்பும் பிள்ளைக்குப் பெற்றோர் சிலர் 'இது என்ன படிப்பு' என்று முகம் சுளிக்கின்றனர். படிக்கவிடுங்கள் என்பதே எமது வேண்டுகோள். அந்தப் பிள்ளைகளிடமும் ஒன்று கேட்போம். மூக்குப்பேணியையும் செம்பையும் ஜாம் போத்தலையும் 'எமது பண்பாடு' என்று பரீட்சைக்கு எடுத்துச் செல்லும்போது, அவற்றின் வளைவை மட்டும் வரைந்து முடிக்காதீர்கள். எப்போதாவது எமது விளக்கை ஒரு கண்காட்சியில் வைக்க நேர்ந்தால், பக்கத்தில் கொடகும்புரவின் விளக்கையும் வையுங்கள். கீழே எழுதும் அட்டையில், தடையின் ஆண்டையும், எரிந்தவர்கள் இருந்தார்கள் என்பதையும் எழுதுங்கள். கண்காட்சி முடிந்தபின் தேநீர்க் கோப்பைகளை யார் கழுவுகிறார்கள் என்று சமையலறைக்குள்ளும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். அனேகமாக அங்கே எம்மவர் ஒருவர் நிற்பார். வடிவமைப்பைப் பற்றி அவரிடமும் கேட்கலாம். சொல்வதற்கு அவரிடம் நிறைய உண்டு.