தபாற்கந்தோர் இல்லாத நாடு: அகா ஷாஹித் அலியின் கவிதையும் காஷ்மீரியர் தன்னுரிமையும்

ஒரு தேசிய இனத்தின் அடையாளம் அதன் மொழியிலும் மண்ணிலும் மாத்திரமன்றி, தன் விதியைத் தானே நிர்ணயிக்கும் உரிமையிலும் தங்கியுள்ளது. 1846ஆம் ஆண்டு அமிர்தசரஸ் உடன்படிக்கையின் மூலம் பிரித்தானியர் 75 இலட்சம் ரூபாவுக்குக் காஷ்மீரைக் குலாப் சிங்கிடம் கையளித்தபோதும், 1947இல் அவர் வழிவந்த ஹரி சிங் இந்தியாவுடனான இணைப்புப் பத்திரத்திற் கைச்சாத்திட்டபோதும், அம்மண்ணின் மக்களிடம் எவரும் கருத்துக் கேட்டிலர். 1948இல் ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை விதந்துரைத்த சர்வசன வாக்கெடுப்பும் நடைபெறவில்லை.

இப்பின்னணியிலேயே அகா ஷாஹித் அலி (1949–2001) 1997இல் வெளியிட்ட ‘தபாற்கந்தோர் இல்லாத நாடு’ என்னும் ஆங்கிலக் கவிதைத் தொகுதி நோக்கப்படல் வேண்டும். ஆயுதக் கிளர்ச்சியும் அதனை ஒடுக்க முனைந்த அரச வன்முறையும் தீவிரமடைந்த 1990இல், காஷ்மீரிலே தபால் விநியோகம் மாதக்கணக்கில் நின்றுபோயிற்று. தலைப்புக் கவிதையில் வரும் சேர்ப்பிக்கப்படாத கடிதங்கள் இவ்வனுபவத்தின் வழி வந்தவை. ஆயினும் அவை வெறும் செய்தியாக நின்றுவிடவில்லை; கேட்கப்படாத மக்கட் கருத்தின் குறியீடாக விரிவடைகின்றன. முகவுரைப் பகுதியில் நாட்டின் பெயரைப் பல்வேறு எழுத்துக்கூட்டல்களில் அடுக்கிச் செல்வதும், பிறர் எழுதிய பெயரைத் தமதாக மீட்கும் முயற்சியே எனலாம்.

தொகுதியின் நேர்மை ‘பிரியாவிடை’ என்னும் கவிதையிற் புலனாகின்றது. 1990இல் அச்சத்தாற் பள்ளத்தாக்கை விட்டு வெளியேறிய பண்டிதரை நோக்கிக் காஷ்மீர முஸ்லிம் ஒருவர் பேசுவதாக அது அமைந்துள்ளது. லல்லேஸ்வரியையும் ஷேக் நூருத்தீனையும் இரு சமயத்தாருக்கும் பொதுவானோராகப் போற்றும் ‘காஷ்மீரியத்’ என்னும் கருத்தைப் பலர் புகழுரையாகவே கையாளுவர். அலியோ அதன் உடைவை மறையாது காட்டுகின்றார். தன்னுரிமை கோரும் ‘தான்’ யார் என்னும் வினாவினுள் வெளியேறியோரும் அடங்குவர் என்பதை இக்கவிதை உணர்த்துகின்றது. இதனை ஏற்க மறுக்கும் விடுதலைக் குரல் தன் நியாயத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

தொகுதிக்குக் குறைகளும் இல்லாமலில்லை. அமெரிக்காவிலிருந்து ஆங்கிலத்தில் எழுதிய கவிஞரின் துயரம் சில இடங்களிற் புலம்பெயர்ந்தோரின் ஏக்கமாகச் சுருங்கிவிடுகின்றது. 1944இன் ‘புதிய காஷ்மீர்’ வேலைத்திட்டமும் 1950இன் நிலச்சீர்திருத்தமும் உழவரிடையே வளர்த்த அரசியல் உணர்வுக்கு இங்கு உரிய இடமில்லை. துயரத்தை அழகுற மொழிவது ஒன்று. அதன் சமூகக் காரணங்களை இனங்காண்பது பிறிதொன்று.

எனினும், 2019 ஆகஸ்ட் 5ஆம் திகதி காஷ்மீரின் சிறப்பு அந்தஸ்து நீக்கப்பட்டுத் தொலைபேசியும் இணையமும் துண்டிக்கப்பட்டபோது, மக்களின் கருத்து மீண்டும் கேட்கப்படவில்லை. 1997இல் அலி இட்ட தலைப்பு 22 ஆண்டுகளின் பின்னரும் நடைமுறை உண்மையாகவே இருந்தது. அவ்வகையில் இத்தொகுதி ஒரு தனிமனிதனின் புலம்பலாக அன்றி, விடை பெறாத ஓர் அரசியல் வினாவின் இலக்கியச் சான்றாகக் கற்கப்பட வேண்டியதாகும்.